ஞாயிற்றுக்கிழமை வந்த 26 கேள்விகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். எங்கள் சந்துக்குள் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் கிளிப் வைத்த அட்டை, காலில் வெள்ளை ஷூ. வாசலில் கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்த அம்மா அந்த அட்டையைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டாள். "அளக்கறதுக்கு வந்துட்டாங்களாட்ட இருக்குது, எந்திரிச்சு வா."

நொய்யல் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு, அட்டையோடு வருகிற எல்லாரும் வீட்டை இடிக்க அளக்க வருகிறவர்கள்தான். கையில் டேப் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் தலையை முடிந்துகொண்டு வெளியே போனேன்.

கோபிப் பக்கத்துப் பெண். கோயம்புத்தூரில் சமூகப்பணி முதுகலை படிக்கிறாள், இரண்டாம் வருடம். ஆற்றோரப் புறம்போக்கில் குடியிருக்கும் இளைஞர்களின் வாழ்க்கைத் தரம் பற்றி ஆய்வு. 18 வயதிலிருந்து 29 வயது வரை 30 பேரிடம் கேள்வி கேட்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர் என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தது புத்திசாலித்தனம். மற்ற நாளில் வந்திருந்தால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். இந்தச் சந்தில் அவளுக்குப் பாட்டிகளும் கோழிகளும்தான் கிடைத்திருக்கும்.

எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று எழுதப் போவதில்லை. திருப்பூர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 43 வீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அவர்களாக அடையாளம் காண வேண்டுமென்றால் 300 பேராவது, அல்லது ஏறக்குறைய 60, 70 வீடாவது நெருக்கமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை உண்டு. அந்தக் கணக்குக்கும் நாங்கள் எட்டவில்லை. அம்மாவுக்கு மூலனூர்ப் பக்கம், அப்பாவுக்கு உசிலம்பட்டி. சந்தில் பாதிப் பேர் இப்படித்தான், மழை பொய்த்த ஊர்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள். எங்கள் தமிழே 'ஏனுங்க'வுக்கும் 'அங்கிட்டு'க்கும் நடுவில் ஒன்று.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. 26 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1-லிருந்து 5 வரை ஏதாவது ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். உடம்பு, மனசு, மனிதர்கள், சுற்றுப்புறம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் போகிறது. பதில் சொல்லும்போது கடந்த இரண்டு வாரத்தை நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று மேலே போட்டிருந்தது.

"எந்த ரெண்டு வாரமுங்க? ஆர்டர் இருந்த ரெண்டு வாரமா, இல்லாத ரெண்டு வாரமா?" என்று செக்கிங் போகிற ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இவள் போகும் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அப்போது கேட்டிருந்தால் தாள் முழுக்க 1 சுழித்திருப்பாள். இப்போது சனிக்கிழமை சம்பளம் ஒழுங்காக வருகிறது, 3-க்கு ஏறிவிட்டாள்.

முதல் கேள்வியிலேயே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. "உங்கள் வாழ்க்கைத் தரத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்?" முதலில் உட்கார்ந்தவன் கட்டிங்கில் ஹெல்ப்பர், 19 வயது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்றான். நான்கு. அவன் முதுகுக்குப் பின்னால் அவன் வீட்டு வாசற்படி, ஆற்றுத் தண்ணீர் ஏறாமலிருக்க மூன்று அடுக்கு மணல் மூட்டை. மூட்டை கிழிந்து அதில் ஒரு தக்காளிச் செடி முளைத்து நிற்கிறது. அடுத்தவளும் நான்கு. அதற்கடுத்தவனும் நான்கு. பத்துத் தாள் முடிந்தபோது ஒன்பதில் முதல் கேள்விக்கு நான்கு. கீழே போகப் போக இரண்டும் மூன்றும்.

அந்தப் பெண் என் காதருகே வந்து, "அக்கா, கேள்வி புரிஞ்சுதான் சொல்றாங்களா?" என்றாள்.

நன்றாகவே புரிந்திருந்தது. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு வந்திருக்கிறாள், உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாயிற்று. அவள் எங்களுக்கு ஒறம்பரை, விருந்தாளி. ஒறம்பரையிடம் போய் என் வாழ்க்கை மோசம் என்று யாராவது சொல்வார்களா? அப்படிச் சொன்னால் உள்ளே கறி வதக்கிக்கொண்டிருக்கிற அம்மாவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. எதை ஒப்பிட்டு எண் போடுகிறோம் என்பது. எனக்கு 11 வயதாக இருந்தபோது, 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்பா அப்போது சாயப்பட்டறையில்தான் இருந்தார். நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், சோறு பிசையும்போதும் போகாது. கழிவுத் தண்ணீர் ஆற்றில் விழுந்து ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் நாசமாகிப்போன பிறகு வந்த தீர்ப்பு. தப்பே சொல்ல முடியாது. எங்கள் வாசலில் ஓடிய நுரை எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வருடம் அப்பாவின் நகம் மெல்ல மெல்ல வெளுத்ததை நான் பார்த்தேன். வீட்டில் அரிசி ரேஷன் அரிசிதான், அதோடு எதுவும் இல்லை. அதே வருடம் நவம்பரில் பெய்த மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் ஆறாம் வகுப்புப் புத்தகங்களைத் தேடி அப்பா இருட்டில் துழாவினார், ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வயதுக்காரர்கள் 'நான்கு' என்று சொன்னால் அந்த வருடம் போல இல்லை என்று அர்த்தம்.

16-ஆவது கேள்வி தூக்கம். "உங்கள் தூக்கம் எந்த அளவுக்குத் திருப்தியாக உள்ளது?" இதில்தான் எல்லாரும் ஒறம்பரை மரியாதையை மறந்தார்கள்.

நிட்டிங் மெஷின் ஓட்டுகிற தம்பி ஒருவன் இருக்கிறான், 23 வயது. நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும். ஒரே அறை, மேலே தகர ஷீட். பதினொரு மணிக்கு மேல் அந்த ஷீட் என்ன செய்யும் என்று உள்ளே படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சத்தம் போடும். சூட்டில் விரிந்து டப் டப் என்று தெறிக்கும். அதன் மேல் இவன் தென்னை ஓலை பரப்பி, நனைத்த சாக்கு போட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரித்து வைத்திருக்கிறான். ஒரு காதணி விழா பேனர். கீழே படுத்தால் ஓட்டை வழியாக ஒரு குழந்தையின் அரை முகம் தெரியும் என்பான். காதில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி வைத்துக்கொள்வான், பிசிறு இல்லாத நல்ல காட்டன் வேஸ்ட்டாகப் பார்த்து எடுத்து வருவான். அதற்குள்ளேயே அவன் அம்மா சமைப்பாள், தங்கச்சி படிப்பாள், பக்கத்து வீட்டு டிவி ஓடும். கோடையில் தாங்க முடியாமல் கம்பெனி மாடிப்படிக்கு அடியிலேயே அட்டைப்பெட்டி விரித்துப் படுத்துவிடுவான். வாட்ச்மேன் நல்லவர். "ஒண்ணுக்குக் கீழ எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அந்தக் கூரையை ஏறிட்டுப் பார்த்தாள்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், சாத்துகிற மாதிரி ஒரு கதவு, அதற்குப் பின்னால் எட்டு மணி நேரம் என்றுதான் சொல்வேன். மற்றதை எல்லாம் எப்படியோ சம்பாதித்துவிடுகிறோம். கையில் போன் இருக்கிறது, பைக் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கறி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண், 2024-லிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். சந்திலேயே நான்கு பேர் வாங்குகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயில் வாங்கிய புத்தகத்தை எங்கே உட்கார்ந்து படிப்பது? எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில் மூன்று வருடம் பி.காம். படித்தபோது என் படிப்பு முழுவதும் கல்லூரி மரத்தடியிலும் டவுன் பஸ்ஸிலும்தான். அக்கவுன்ட்ஸ் கணக்கை ஆடுகிற பஸ்ஸில் போட்டுப் பழகியதால், இப்போது எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சன்டைசருக்கு உதவியாளாக எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் காஸ்டிங் ஷீட் போட்டுவிடுவேன். மேனேஜர் பாராட்டுவார். அவருக்குக் காரணம் தெரியாது.

21-ஆவது கேள்வி தாம்பத்தியம் பற்றியது. அந்தப் பெண் அதைப் படிக்கவே இல்லை, தாளைத் திருப்பிக் காட்டி விரலால் தொட்டாள். கல்யாணமாகி ஐந்து மாதமான ஒரு ஜோடி. மாமனார், மாமியார், கொழுந்தன், ஒரே அறை, நடுவில் சேலைத் திரை. புருஷன் தலையைச் சொறிந்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா அம்மா மூலனூர் நோம்பிக்குப் போயிருக்காங்க, இந்த ரெண்டு வாரமுன்னா நாலு போட்டுக்குங்க" என்றான். சந்தே சிரித்தது. கடந்த இரண்டு வாரம் என்ற நிபந்தனை ஒரு வீட்டிலாவது சரியாக வேலை செய்தது.

நான் கேள்வித்தாளைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடைசிக் கேள்வி, மனச்சோர்வு, விரக்தி, பதற்றம் மாதிரி எத்தனை முறை தோன்றுகிறது என்பது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒருவன். கிரிக்கெட்டில் எங்கள் டீமுக்குக் கேப்டன், எந்நேரமும் யாரையாவது வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பான். முதல் கேள்விக்கு அவனும் நான்குதான். கடைசிக் கேள்விக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "எப்பவுமேங்க" என்றான். அவள் சுழித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தாளில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் போய் அவனோடு பேசினேன். பைக்குக்கு மாதத் தவணை, அதைக் கட்ட போன் ஆப்பில் வாங்கிய கடன், அதைக் கட்ட இன்னொன்று. அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் கேட்கும். இது எனக்குக் கேட்கவில்லை.

முகவரி பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை. இருந்தால் நானே தனித்தாள் வாங்கி எழுதியிருப்பேன்.

எங்களிடம் ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது. எல்லாவற்றிலும் கதவு எண் போட்டு முகவரி இருக்கிறது. பட்டா மட்டும் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்க மாட்டார்கள். ஓட்டுக் கேட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள், பார்சல் பையன் மட்டும் பாலத்துக்கு மேலேயே நின்று போன் அடிப்பான். கல்லூரி முடித்து முதல் இன்டர்வியூவில் முகவரியைப் படித்தவர், "ஆத்துப் பக்கமா?" என்று ஒரு தடவை கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்கவில்லை. அடுத்த கம்பெனியில் அனுப்பர்பாளையத்துச் சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. முகவரியால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், அன்று நான் நன்றாகவும் பேசினேன். இன்றுவரை கம்பெனிக் கணக்கில் நான் அனுப்பர்பாளையத்துக்காரி. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் சித்தி வீட்டுக்குப் போகும், சித்தி பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் கொடுத்து அனுப்புவாள். முகவரி வாடகை.

1970-ல் ஆரம்பித்த குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் சந்திலிருந்து ஆறு குடும்பம் அடுக்குமாடிக்குப் போயிருக்கிறது. என் பெரியம்மா மகள் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். போன புதிதில் ஒரு நாள் கூப்பிட்டு, "வூட்டுக்குள்ளயே பாத்ரூமு, தாழ்ப்பா போட்டுக்கிட்டுச் சும்மா அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் அங்கிருந்து கம்பெனிக்கு இரண்டு பஸ். எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து போனால் கடைசி பஸ் போயிருக்கும், அதனால் இப்போது ஒரு ஷிப்ட்டோடு வந்துவிடுகிறாள். அரை ஷிப்ட் சம்பளம் போச்சு. அவள் தம்பி மறுபடி இங்கேயே வந்து, நாலு பேரோடு வாடகை அறையில் இருக்கிறான். போனது நல்லதா என்று கேட்டால், பாத்ரூமை நினைத்து ஆமாம் என்பாள், சனிக்கிழமை கவரை எண்ணும்போது பேச மாட்டாள்.

கழிப்பறை எங்கள் பக்கம் எப்படி என்று இன்னும் எழுதவில்லை. பொதுக் கழிப்பறை ஒன்று இருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆறு கதவு. அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, துணைக்கு ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். ராத்திரி பத்துக்குப் பூட்டு. சாயங்காலம் ஆறுக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டது, யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அக்கா செய்வதைப் பார்த்துத் தங்கச்சி செய்வாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் கூட்டிப்போனால், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பார்.

மதியம் இரண்டு மணி வாக்கில் 21 தாள் முடிந்திருந்தது. 22-ஆவதாக நானே உட்கார்ந்தேன். எனக்கும் 26 வயதுதானே. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சுலபமாக இருந்த தாள், நமக்கென்று வந்தால் கனக்கிறது. முதல் கேள்விக்கு மூன்று. தூக்கத்துக்கு இரண்டு. 21-ஐக் காலியாக விட்டேன். 23-ஆவது, "நீங்கள் வசிக்கும் இடத்தின் நிலைமை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?" கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். இந்தத் தரையை அம்மா போன வருடம்தான் சீட்டுப் பணத்தில் சிமெண்ட் பூசினாள். ஓரத்தில் ஒரு கோலம் கூட இழைத்திருக்கிறாள், ஈர சிமெண்டில் ஆணியால். நாளைக்கே புல்டோசர் வந்தால் அதையும் சேர்த்துத்தான் அள்ளும் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு சுழித்தேன்.

அம்மா தட்டில் கறியும் சோறும் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "சாப்புடு கண்ணு, காலைலருந்து ஒரு வாய் தண்ணிகூட நீ குடிக்கல." அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எத்தனை வீட்டில் டீ கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கையில் வாங்கி, ஓரமாக வைத்துவிட்டே வந்திருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ரெஸ்ட்ரூம் எங்க?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போக மனசு வரவில்லை. "இரு, வண்டி எடுத்துட்டு வர்றேன், பழைய பஸ் ஸ்டாண்ட் போயிடலாம்" என்றேன். ஸ்கூட்டி சந்துக்குள் வராது, மேலே மளிகைக் கடை ஓரத்தில் நிற்கும். நான் போய் எடுத்து வருவதற்குள் அம்மா தாள்களை எல்லாம் அடுக்கி, கிளிப்பில் மாட்டி, அவள் பையிலேயே வைத்துக் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அந்தப் பெண் பேசவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவள் உள்ளே போய் வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "அக்கா, உங்க ஃபார்ம்ல 23-வது கேள்விக்கு ரெண்டு போட்டு, அதை அடிச்சு நாலு போட்டிருக்கு. பேனாவும் வேற கலரா இருக்கு. எதை எடுத்துக்கட்டும்?" கூடவே போட்டோ. நான்கைச் சுற்றிப் பச்சை மையில் கோணலாக ஒரு வட்டம். மகளிர் குழு நோட்டில் கையெழுத்துப் போட எங்கள் வீட்டில் ஒரே ஒரு பச்சைப் பேனாதான் இருக்கிறது.

போனை அம்மாவிடம் நீட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அதைய நான்தான் மாத்துனேன். தரை புதுசா பூசுனதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? நாலு போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

கொஞ்ச நேரம் பதில் அனுப்பவில்லை. அம்மா கீரைத் தண்டைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். பிறகு 'ரெண்டு' என்று அடித்து அனுப்பினேன். தரையையும் ஒரு போட்டோ எடுத்து, அந்தக் கோலம் தெரிகிற மாதிரி, கூடவே வைத்தேன்.